வான்கம்பிக்கு ஓர் இடம்



போர்களின் வரலாற்றைப் படிக்கும்போது படைகளின் எண்ணிக்கையையும், தளபதிகளின் பெயர்களையும், வெற்றி தோல்விகளின் ஆண்டுகளையும் நாம் மனத்தில் இருத்திக்கொள்கிறோம். ஒரு வண்டியின் மேல் நின்ற இரண்டு மீட்டர் கம்பி, அவ்வண்டியின் எந்தப் பாகத்தில் நடப்பட்டிருந்தது என்று யாரும் கேட்பதில்லை. தேர்வுத் தாளிலும் அவ்வினா வருவதில்லை. ஆயினும் அக்கம்பி நின்ற இடம் காரணமாகவே உயிர் இழந்தவர்கள் உண்டு. ஏரியல் என்றும் ஆன்டெனா என்றும் வழங்கப்பெறும் அந்த வான்கம்பியைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச எண்ணுகிறேன். பேசவும் கேட்கவும் வல்ல வானொலிக் கருவி ஒன்றை ஓடும் வண்டியில் ஏற்றிவிட்டோம். அதன் வான்கம்பியை எங்கே பொருத்துவது? கேள்வி இவ்வளவுதான்.

இக்கேள்வியை மிக முன்பே எதிர்கொண்டவர் மார்க்கோனி. 1901ஆம் ஆண்டில் அவர் இங்கிலாந்தில், தார்னிகிராஃப்ட் என்ற கம்பெனியார் செய்த நீராவி வண்டி ஒன்றில் கம்பியில்லாத் தந்திக் கருவிகளை அமைத்தார். அதன் கூரைமேல் நீண்ட உலோக உருளை ஒன்றை நிறுத்தினார். ஆறு ஏழு மீட்டர் உயரமுள்ள அவ்வுருளையே வான்கம்பி. அந்தக் கோலத்தில் அவ்வண்டியின் நிழற்படத்தைப் பார்ப்பவர்கள், ஆலைப் புகைபோக்கி ஒன்று சாலைக்கு வந்துவிட்டதோ என்று நினைப்பார்கள். வண்டி ஓடும்போது உருளையைக் கூரைமேல் படுக்க வைத்துவிடுவார்கள், நின்றபின் நிமிர்த்துவார்கள். ஐம்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள நிலையத்தோடு இவ்வண்டியிலிருந்து தொடர்பு கொண்டதாக மார்க்கோனியே அறிவித்தார். நிலத்தோடு மின்தொடர்பு வேண்டுமே என்பதற்காகக் கம்பிவலை ஒன்றைத் தரையில் விரித்துவிட்டாலே போதும் என்றும், அதை இழுத்துக்கொண்டு போனால் ஓடும்போதும் செய்தி அனுப்பலாம் என்றும் அவர் கூறினார்.

பிற்காலத்தில் வரப்போகும் தொல்லைகள் எல்லாம் இந்த ஒரு வண்டியிலேயே அடங்கியிருப்பதைக் கவனியுங்கள். அலை உயரத்தை விரும்புகிறது. சாலையோ உயரத்தை விரும்புவதில்லை. அலைக்குக் காலடியில் நிலம் வேண்டும்; வண்டியோ நிலத்தை விட்டு எழும்பி நிற்பது.

இவ்விடத்தில் சிறிது பௌதிகம் சொல்லியாக வேண்டும். நான் வரலாறு கற்பித்தவன். பௌதிகம் எனக்குப் பக்கத்து வகுப்பிலிருந்து கடன் வாங்கிய சரக்கு. வானொலி அலை ஒவ்வொன்றுக்கும் ஒரு நீளம் உண்டு. முந்நூறை மெகாஹெர்ட்ஸ் அளவால் வகுத்தால் அந்நீளம் மீட்டரில் கிடைக்கும். 30 மெகாஹெர்ட்ஸ் என்றால் பத்து மீட்டர். 150 மெகாஹெர்ட்ஸ் என்றால் இரண்டு மீட்டர். நெடுக நிற்கும் வான்கம்பி அலைநீளத்தில் பாதி இருந்தால் நன்று. ஆனால் அதன் அடியில் அகன்ற உலோகத் தகடு ஒன்று இருக்குமானால் கால்பங்கே போதும். மீதிப் பாதியைத் தகடு கொடுத்துவிடும். எப்படி என்கிறீர்களா? முகம் பார்க்கும் கண்ணாடியை மேசைமேல் மல்லாத்தி வைத்து, அதன்மேல் ஒரு சாக்குக்கட்டியின் பாதித் துண்டை நிறுத்துங்கள். கண்ணாடிக்குள் தெரியும் பிம்பத்தையும் சேர்த்துப் பார்த்தால் முழுக்கட்டி நிற்பதாகத் தோன்றும். உலோகத் தகடு அலைகளுக்கு அத்தகைய கண்ணாடி. துண்டைக் கண்ணாடியின் நடுவில் வைத்தால் எப்பக்கமிருந்து பார்த்தாலும் பிம்பம் தெரிகிறது. ஓரத்தில் வைத்தால் ஒரு பக்கத்தாருக்கு மட்டுமே நன்கு தெரிகிறது. மோட்டார் வண்டியின் மூலையில் கம்பியை நட்டால் நேர்வதும் ஏறக்குறைய இதுவே. பின்புறத்து இடமூலையில் நட்டால், முன்புறத்து வலப்பக்கம் நோக்கி அலை வலுத்துச் செல்லும். மற்றத் திசைகளில் மெலிந்து போகும். எனவே பௌதிகத்தை மட்டும் கேட்டால், கூரையின் நட்டநடுவே என்று உடனே விடை சொல்லிவிடும். ஆனால் வண்டி ஓட்டுபவரும், வண்டி செய்பவரும், வண்டியைச் சுடக் காத்திருப்பவரும் தத்தம் விடைகளை வைத்திருந்தார்கள்.

காவல்துறை வண்டிகளின் கதையை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரப் போலீசார் 1928ஆம் ஆண்டில் தங்கள் ரோந்து வண்டிகளுக்கு வானொலி வழியாகச் செய்தி அனுப்பத் தொடங்கினர். வண்டியில் இருந்தவர் கேட்கலாம். திருப்பிப் பேச இயலாது. செய்தி கிடைத்ததா இல்லையா என்பதையும் தலைமை நிலையம் உடனே அறிய வழியில்லை. அக்காலத்து அமெரிக்கப் போலீசார் பயன்படுத்திய அலைகளோ நூறு மீட்டருக்கும் மேற்பட்ட நீளமுடையவை. அதில் கால்பங்கு என்றால் பனைமரத்தை வண்டியில் நட வேண்டும்! எனவே இருக்கின்ற இடத்தில் இயன்ற மட்டும் கம்பியைப் பரப்பி வைத்தார்கள். அதற்கு வாய்ப்பான இடம் ஒன்று இருந்தது. அந்நாளைய மோட்டார் வண்டிகளின் கூரை முழுவதும் இரும்பாக இருப்பதில்லை. மரச்சட்டத்தின்மேல் கம்பிவலை பரப்பி, அதன்மேல் மெழுகுத்துணி போர்த்தி முடித்திருப்பார்கள். அந்தக் கூரைக்குள் வான்கம்பியை ஒளித்து வைத்துவிடலாம். வெளியே ஒன்றும் தெரியாது.

1933இல் நியூ ஜெர்சி மாநிலத்தைச் சேர்ந்த பயோன் நகரப் போலீசாரின் வண்டிகள் பேசவும் தொடங்கின. அந்த மகிழ்ச்சி ஆறுமுன் வேறொரு மாற்றம் நேர்ந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 1935ஆம் ஆண்டுக்குரிய தங்கள் வண்டிகளில் ஒரே எஃகுத் தகட்டாலான கூரையைக் கொண்டுவந்தனர். வண்டி கவிழ்ந்தாலும் உள்ளிருப்பவர்களுக்குப் பாதுகாப்பு, மழைநீர் ஒழுகாது, விலையும் கட்டுப்படியாகும். மக்கள் வரவேற்றனர். ஆனால் கூரைக்குள் ஒளிந்திருந்த வான்கம்பிக்கு அன்றோடு வீடு போயிற்று. எஃகுக்கு அடியில் வைத்த கம்பிக்கு வெளி அலை எட்டாது அல்லவா? கம்பியை இறக்கி, ஏறும்படிப் பலகைக்கு அடியில் கட்டிப் பார்த்தார்கள். தரைக்கு ஒரு சாண் உயரத்தில் சேற்றையும் கல்லையும் வாங்கிக்கொண்டு கிடந்த அக்கம்பி, காதில் பஞ்சை வைத்துக்கொண்டு கேட்பவனைப் போல் அரைகுறையாகவே கேட்டது. பிறகுதான் நிமிர்ந்து நிற்கும் சாட்டைக்கம்பி வந்தது. 30, 40 மெகாஹெர்ட்ஸ் அலைகளுக்கு அது ஏறக்குறைய இரண்டு மீட்டர் அளவுக்கு நீண்டிருக்க வேண்டும். அதைக் கூரைமேல் நட்டால் மரக்கிளையும் வாயில் வளைவும் விடமாட்டா. எனவே பின்புறத்துத் தடுப்புச் சட்டத்தில், ஒரு மூலையில், சுருள்வில்லின்மேல் அதைப் பொருத்தினார்கள். அலைக்கு அது ஒவ்வாத இடம் என்பதை முன்னரே பார்த்தோம். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர்ச் சாலையில் செல்லும் போலீஸ் ஜீப்பில் இத்தகைய நெடுங்கம்பியை வில்போல் வளைத்து, முன்புறத்தில் கயிற்றால் கட்டியிருப்பார்கள். தூண்டிலில் பெரிய மீன் சிக்கியதுபோல் எங்களுக்குத் தோன்றும். மின்சாரக் கம்பிகளிலும் கிளைகளிலும் மாட்டாமல் இருப்பதற்காகவே அக்கட்டு என்பது பின்னர்த்தான் விளங்கிற்று.

போலீஸ் வண்டியில் கம்பி தவறான இடத்தில் நின்றால் பேச்சு மங்கும். போர்க்களத்தில் என்ன நேரும்?

1917ஆம் ஆண்டில் காம்ப்ரே போரின்போதே பிரிட்டிஷார் கம்பியில்லாத் தந்தி பொருத்திய டாங்கிகளைக் கொண்டு சென்றனர். அவற்றை நிறுத்திக் கம்பம் நாட்டிய பிறகே செய்தி அனுப்ப முடிந்தது. 1931இல் சால்ஸ்பரி சமவெளியில் நடந்த பயிற்சியில், சார்லஸ் பிராட் என்ற பிரிகேடியர் ஒரு டாங்கிப் படை முழுவதையும் வானொலி வாயிலாகவே நடத்திக் காட்டினார். ஓடும் டாங்கியிலிருந்து ஆணையிடலாம் என்பது அதன்பின் ஐயத்திற்கிடமின்றித் தெளிவாயிற்று. ஆனால் எல்லா டாங்கிகளுக்கும் வானொலிக் கருவி கொடுக்க எந்த நாட்டிற்கும் அன்று மனமும் இல்லை, பணமும் இல்லை. தளபதிகளுக்கு மட்டும் கொடுத்தார்கள். வினை அங்கேதான் தொடங்கிற்று.

சோவியத் நாட்டில் 1930களில் செய்யப்பெற்ற டி-26, பி.டி. ஆகிய டாங்கிகளைப் பாருங்கள். தளபதியின் டாங்கியில் கருவி, சுழலும் கோபுரத்தின் பின்பக்கத்தில் இருந்தது. அதன் அலை மிக நீண்டது. நேரான கம்பி நட்டால் அளவு மீறிப் போகும். ஆகவே கோபுரத்தைச் சுற்றிக் கைப்பிடிக் கிராதிபோல் ஒரு குழாயை வளைத்துப் பொருத்தினர். கோபுரம் எப்பக்கம் திரும்பினாலும் அதனுடன் சேர்ந்தே திரும்பும், கிளையில் மாட்டாது, எளிதில் முறியாது. பொறியாளர் கண்ணோடு பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. எதிரியின் கண்ணோடு பார்த்தால் வேறு செய்தி தெரியும். பத்து டாங்கிகள் வருகின்றன. ஒன்பதின் தலை மொட்டை, ஒன்றின் தலையில் முடி சூட்டியிருக்கிறது. பீரங்கிக்குப் பின்னே நிற்பவன் எதை முதலில் குறிவைப்பான்? அந்த ஒரு டாங்கி எரிந்துவிட்டால், மற்ற ஒன்பதுக்கும் ஆணையிட ஆளில்லை. அவை பேசவும் மாட்டா, கேட்கவும் மாட்டா. ஸ்பெயினின் உள்நாட்டுப் போரிலும், 1939இல் மங்கோலிய எல்லையில் கால்கின் கோல் ஆற்றங்கரையில் ஜப்பானியருடன் நடந்த போரிலும், பின்லாந்துப் போரிலும் இப்பாடத்தைச் சோவியத் படையினர் கற்றனர். கிராதியை எடுத்துவிட்டு, 1939 முதல் மெல்லிய சாட்டைக்கம்பிக்கு மாறினர். இதில் ஒரு விந்தை என்னவெனில், எதிர்த்து நின்ற ஜப்பானியரின் புதிய 97ஆம் வகை டாங்கியின் கோபுரத்திலும் குதிரை லாட வடிவில் அதே போன்ற வான்கம்பிதான் சுற்றியிருந்தது. 1942இல் போருக்கு வந்த அதன் திருத்திய வடிவில் அவர்களும் அதை நீக்கினார்கள்.

தலைவன் எல்லாருக்கும் தெரியும்படி உயர்ந்து நிற்பது பழைய வழக்கம். தக்கோலத்தில் 949ஆம் ஆண்டில் சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே வீழ்ந்ததும், ‘யானைமேல் துஞ்சிய’ என்ற அடைமொழி அவனுக்கு நிலைத்ததும் உங்களுக்குத் தெரியும். தன் படை காணுமாறு நிற்பவனை மாற்றார் படையும் காண்கிறது. வானொலி வந்தபின் தலைவன் தெரிய வேண்டிய தேவை இல்லாது போயிற்று. அவன் குரல் கேட்டாலே போதும். ஆனால் அக்குரலை ஏற்றிச் சென்ற கம்பியோ, பழைய யானையின் வேலையைத் தானே ஏற்றுக்கொண்டு அவனைக் காட்டிக் கொடுத்தது.

ஜெர்மானியர் இதை எப்படிக் கையாண்டனர் என்பது நுட்பமானது. அவர்களுடைய டாங்கிப் படையை உருவாக்கியவர்களுள் முதன்மையானவரான குதேரியன், முதல் உலகப் போரில் குதிரைப் படையுடன் கம்பியில்லாத் தந்தி நிலையம் ஒன்றை நடத்தியவர். எனவே வானொலியின் அருமை அவருக்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை. அவர்களுடைய டாங்கிகளில் தலைவரிடம் பேசும் கருவியும் கேட்கும் கருவியும் இருந்தன. போரின் தொடக்கத்தில் மற்றப் பலவற்றில் கேட்கும் கருவி மட்டும் இருந்தது. பேசினாலும் கேட்டாலும் இரண்டு மீட்டர் கம்பி ஒன்றுதான். அலை 27 முதல் 33 மெகாஹெர்ட்ஸ் வரை. கால்பங்குக்கு அக்கம்பி சற்றே குறைவு. எல்லா டாங்கிகளின் மேலும் ஒரே வகைக் கம்பி நிற்கும்போது, தலைவர் எந்த டாங்கியில் இருக்கிறார் என்று தூரத்திலிருந்து எவ்வாறு சொல்வது? செலவு நோக்கியோ வசதி நோக்கியோ செய்த ஏற்பாடாகவே இருக்கட்டும். ஆணையிடுபவரின் உயிருக்கு அது காப்பாயிற்று என்பதே என் கருத்து.

ஆனால் அக்கம்பியை எங்கே நடுவது? வானொலிக்காரர் உட்கார்ந்திருப்பது டாங்கியின் கீழ் உடலில், ஓட்டுபவருக்குப் பக்கத்தில். கோபுரமோ தலைக்குமேல் சுழல்வது. சுழலும் பகுதியில் கம்பியை வைத்தால் இணைப்புக் கம்பி முறுக்கிக்கொள்ளும். எனவே கீழ் உடலின் வலப்பக்கத்தில் கம்பியை நட்டனர். நட்டால், பீரங்கிக் குழாய் பக்கவாட்டில் திரும்பும்போது கம்பியில் மோதும்! பான்சர் மூன்று, பான்சர் நான்கு என்னும் டாங்கிகளில் இக்கம்பியை மடக்கிப் படுக்க வைக்கும்படி செய்து, அது படுப்பதற்கென்றே உடலின் பக்கவாட்டில் மரத்தொட்டி ஒன்றையும் அமைத்தனர். பான்சர் நான்கில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பீரங்கிக் குழாயின் அடியில் வளைந்த சட்டம் ஒன்றை மாட்டினார்கள். குழாய் வலப்பக்கம் திரும்பும்போது அச்சட்டமே கம்பியை மெல்லத் தள்ளித் தொட்டியில் படுக்க வைத்துவிடும். பிற்காலத்தில் கம்பியை உடலின் பின்புறத்திற்கே மாற்றிய பிறகுதான் அச்சட்டத்திற்கு வேலை இல்லாமல் போயிற்று.

இத்தனை நுட்பம் படைத்தவர்களே மற்றோரிடத்தில் சறுக்கினார்கள். பெரும்படைத் தளபதிகளுக்காக அவர்கள் செய்த கட்டளை டாங்கியில், தொலைவிலுள்ள தலைமையிடத்தோடு பேசப் பெரிய வானொலிக் கருவிகள் வேண்டியிருந்தன. கருவிகளுக்கும் வரைபட மேசைக்கும் இடம் வேண்டிப் பீரங்கியை எடுத்துவிட்டார்கள். பீரங்கி இல்லாத டாங்கியைப் பகைவன் கண்டுபிடித்துவிடுவானே என்று போலிப் பீரங்கிக் குழாய் ஒன்றை முன்னே பொருத்தினார்கள். இவ்வளவு முன்யோசனையோடு செய்துவிட்டு, எஞ்சின் மேல்தளத்தில் இரும்புக் கட்டிலைத் தூக்கி நிறுத்தியதுபோல் ஒரு பெரிய சட்ட வான்கம்பியைக் கட்டினார்கள்! போலிப் பீரங்கி மறைத்ததை அந்தக் கட்டில் ஊருக்கெல்லாம் தெரிவித்துவிட்டது. கவச மோட்டார்களிலும் இத்தகைய கட்டில்கள் இருந்தன. எட்டுச் சக்கர வண்டி ஒன்றில், கட்டிலின் கீழே கோபுரம் தடையின்றிச் சுழல்வதற்கென்று நடுவில் ஒரு சுழல்மூட்டு வைத்திருந்தார்கள். வேலைப்பாட்டைப் பாராட்டத்தான் வேண்டும். போரின் இடைக்காலத்தில்தான் கட்டில்களைக் கழற்றிவிட்டு, உச்சியில் சில குச்சிகள் விண்மீன்போல் விரிந்த ஒற்றைக் கம்பத்திற்கு மாறினார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு அது எளிதில் புலப்படவில்லை.

பிரிட்டிஷார் 1941 முதல் பயன்படுத்திய பத்தொன்பதாம் எண் கருவி கோபுரத்திலேயே, தலைவரின் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. நீண்டதும் குறுகியதுமாக இரண்டு கம்பிகள் கோபுரக் கூரைமேல் நின்றன. சோவியத் டி-34 டாங்கியில் முதலில் கருவி கீழே முன்புறத்தில் இருந்தது. கம்பியும் முன்புறத்து வலப்பக்கத்தில் நின்றது. அதுவும் எல்லா டாங்கிகளுக்கும் கிடைக்கவில்லை. கிடைக்காதவர்கள் தலைவரின் கொடியசைவைப் பார்த்துப் பின்தொடர வேண்டும். புகையும் புழுதியும் நிறைந்த களத்தில், கண்ணுக்கெதிரே ஒரு சிறு பிளவு மட்டும் உடையவர் கொடியை எங்கே பார்ப்பது? 1944இல் களத்திற்கு வந்த டி-34-85 வகையில் கருவியைக் கோபுரத்திற்கு ஏற்றினர். கம்பியும் உடன் ஏறிற்று. அதுவரை கீழே ஒருவர் கேட்டு மேலே ஒருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது தலைவர் தாமே பேசினார், தாமே கேட்டார். பழைய டாங்கிகளின் நிழற்படம் கிடைத்தால், கம்பி எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள். அதன் அடியில்தான் பெரும்பாலும் பேசுபவர் உட்கார்ந்திருப்பார்.

போர் முடிந்தபின் அலைகள் குறுகின. 1946ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் செயின்ட் லூயி நகரில் மோட்டார் வண்டித் தொலைபேசி பொதுமக்களுக்கு வந்தது; அதன் அலை 150 மெகாஹெர்ட்ஸை ஒட்டியது. அலையின் கால்பங்கு அரை மீட்டர்தான். போலீஸ் வண்டிகளும் அவ்வரிசைக்கும், பின்னர் 450 மெகாஹெர்ட்ஸுக்கும் மாறின. அங்கே ஒரு சாண் கம்பியே போதுமானது. மூலையில் கட்டிவைத்த நெடுஞ்சாட்டைக்கு இனி வேலை இல்லை. பௌதிகம் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்த கூரையின் நடுவிடம் ஒருவழியாகக் கைகூடிற்று. முன்பு வான்கம்பியை வீட்டைவிட்டு விரட்டிய அதே எஃகுக் கூரை, இப்போது அதற்கு மிகச் சிறந்த தரையாக அமைந்தது. துளையிட மனமில்லாதவர்கள் காந்த அடித்தளம் வைத்த கம்பியை ஒட்டிக்கொண்டார்கள். பிறகு போலீஸ் வண்டிகளுக்கும் ஆம்புலன்சுகளுக்கும் சுழல்விளக்குகள் வந்து அந்த நடுவிடத்திற்குப் போட்டியிட்டன. கம்பி சற்றே பின்னுக்கு நகர்ந்தது.

இன்று சில வண்டிகளின் கூரையைக் கண்ணாடி இழையால் செய்கிறார்கள். அது துருப்பிடிக்காது, எடையும் குறைவு. ஆனால் அலைக்கு அது வெற்றிடம். பழைய மெழுகுத்துணிக் கூரையைப் போல. அத்தகைய வண்டியில் வானொலி பொருத்த வரும் தொழிலாளர் முதலில் கூரையின் உட்புறத்தில் ஒரு செம்புத் தகட்டையோ அலுமினியத் தகட்டையோ ஒட்டுகிறார். அதன் நடுவைக் கோல் வைத்து அளந்து குறித்துக்கொள்கிறார். பிறகுதான் துளைக்கருவியைக் கையில் எடுக்கிறார்.